கோதண்டத்துக்குப் போட்ட இலை

பாபு,

உன் அப்பன் சொல்ல, உன் தங்கை கலா எழுதும் கடிதம் இது. இன்று அவளுக்குக் கம்பெனியில் வார லீவு. நான் நம் வீட்டுப் பேச்சில் சொல்வதை அவள் அச்சுத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். உன் புத்தகத்தைப் படித்தவர்கள் இதையும் படிக்கப் போகிறார்கள், மானம் போய்விடும் என்கிறாள். மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் யாராவது பேசியதை நான் சொன்னால் அதை மட்டும் பேசினபடியே போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் படிக்கத்தான் தெரியாது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் தெரியும்.

போன வாரம் நீ போனில், "நைனா, புக்கு ரெண்டாவது தபா அச்சுக்குப் போவுது. எதுனா தப்பா எழுதிகிறேனா? சொல்லு, மாத்திடறேன்" என்றாய். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். ஒன்றும் இல்லாமல் இல்லை, பாபு. இருப்பதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்குப் பொறாமை. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் யார் மேல் பொறாமை என்று நீ சிரிப்பாய். உன் கோதண்டத்தின் மேல்தான்.

கலா சொல்வது போல மற்றவர்களும் இதைப் படிப்பதானால், உன் புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோதண்டம் என்று ஒருவன் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. என் மகன் உண்டாக்கின ஆள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் நிலத்தில் கூலி வேலை செய்தவன், பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. தொழிற்பேட்டைக்காக அளவுக் கல் நட்டபோது ஒரே விடியற்காலையில் அத்தனை கல்லையும் பிடுங்கி ஏரியில் போடுகிறான். அம்மை கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு நடக்கிறான். கடைசியில் கம்பெனி மதிலை ஒட்டின குடிசையில் காய்ச்சல் வந்து சாகிறான். செத்த பிறகு அவனுக்கு ஓர் இலை போட்டுப் படைக்க ஆள் இல்லை என்று புத்தகம் முடிகிறது. அவன் நெற்றியில் வடு இருக்கிறது. அது என் வடு. அவன் இடது காலைச் சாய்த்து நடக்கிறான். அது என் நடை. கோபம் வந்தால் துண்டை உதறுகிறான். அதுவும் நான்தான். என்னிடமிருந்து எடுத்தவற்றை எல்லாம் அவனுக்கு மாட்டிவிட்டு, எனக்கு இல்லாதவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாய்.

கலா தன் லீவு நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். நான் வாசல் பக்கம் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டேன். பெரியபாளையம் போகிற இடம் வந்தது. ஆரணியைத் தாண்டும்போது அந்தக் குழந்தை தண்ணீர் கேட்கிறது. அம்மை இறங்கும்வரை யார் வீட்டிலும் வாங்கக் கூடாது என்று கோதண்டம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தருகிறான். உன் அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இன்னா மனுசன்டீ இவன்! ஊரான் புள்ளைய இப்புடித் தூக்கிக்கினு போறானே" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏமே, அது நான். புதுவாயல்ல எறங்கி நடந்தது நான். தோள்ல கெடந்தது உன் புள்ள. ஊத்து தோண்டனது இந்தக் கையி."

உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம புள்ளைய நீ தூக்கிக்கினு போவாம பக்கத்து ஊட்டுக்காரனா போவான்? அதுல இன்னா பெருமை? அவன் யாரு பெத்த புள்ளையையோ இல்ல தூக்கிக்கினு போறான்! நீ படு, அவ படிக்கட்டும்."

அப்பன் என்பதாலேயே நான் செய்ததற்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. நீ ஒரே ஒரு இடத்தில் கை வைத்தாய். என் பிள்ளையான உன்னை எடுத்துவிட்டு வேறொருவர் பிள்ளையை அவன் தோளில் போட்டாய். நான் நடந்த அதே பதினைந்து கிலோமீட்டர் அவனைத் தெய்வமாக்கிவிட்டது. எழுதுகிறவன் கை எவ்வளவு பொல்லாதது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ பேசின பேட்டி ஒன்றைக் கலா செல்லில் போட்டுக் காட்டினாள். அதில் ஒருவர் உன்னைக் கேட்கிறார், இதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று. நீ சொல்கிறாய், "எல்லாம் எங்கள் அப்பாவின் ஞாபகம்தான். அவருடைய ஞாபகம் நின்றுபோகிற இடத்தில் என் கற்பனை தொடங்குகிறது." கேட்டவர் ஆகா என்று தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. என் ஞாபகம் எங்கே நின்றது, பாபு? அது நிற்கவே இல்லையே. நீதான் கேட்பதை நிறுத்தினாய். ஒரு தீபாவளிக்கு வந்தபோது சாயங்காலங்களில் உட்கார்ந்து கேட்டாய், செல்லில் பதிந்துகொண்டாய். நானும் வரிசையாகச் சொன்னேன். அதன் பிறகு பெங்களூருக்குப் போய் வருடக்கணக்கில் கோதண்டத்தோடு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா போன் செய்தால், "எழுதிக்கினு இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். எங்கள் போனை வைத்துவிட்டு நீ போய்ப் பேசினது யாரோடு? அவனோடு.

நீ சின்னப் பையனாக இருந்தபோதே இது தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. வேலை விட்டு வந்ததும் என் மடியில் ஏறிக் கதை கேட்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் நடந்ததைச் சொல்வது. ஏரி உடைத்துக்கொண்ட வருடம் மாடு ஒன்று வெள்ளத்தில் போயிற்று என்பேன். "அப்புறம் நைனா?" என்பாய். "அப்புறம் இன்னா? மாடு போச்சு, அவ்ளோதான்" என்பேன். நீ இறங்கி உன் அம்மாவிடம் ஓடிவிடுவாய். அவள் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி, கடலைப் பார்த்து வளர்ந்தவள். அந்த மாடு ஆற்றோடு போய், கழிமுகத்தில் இறங்கி, படகுக்காரன் ஒருவன் அதைக் கொம்பைப் பிடித்து ஏற்றி, அது அவன் வீட்டில் மூன்று கன்று ஈன்றதாகச் சொல்வாள். அந்த மாடு யார் மாடு, எந்த மடுவில் செத்து ஒதுங்கிற்று என்பது எனக்குத் தெரியும். சொன்னால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். என் ஞாபகத்தையும் அவளுடைய 'அப்புறத்தையும்' சேர்த்துத் தைத்துத்தான் நீ கோதண்டத்துக்குச் சட்டை போட்டிருக்கிறாய். அந்தச் சட்டை அவனுக்கு நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கு எரிகிறது.

கல் பிடுங்கின விஷயத்தைச் சொல்கிறேன். நிலம் அளக்க ஆட்கள் வந்தபோது சங்கிலி பிடித்தது நான். கல்லைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் குழியில் இறக்கினதும் நான்தான். இதை உன்னிடம் அன்றைக்கே சொன்னேன், மறைக்கவில்லை. மறைக்க அதில் என்ன இருக்கிறது? அந்த நிலம் என்றைக்கு நம்முடையதாக இருந்தது? வேர்க்கடலை பிடுங்கினால் நிலத்துக்காரனிடம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரப்பைத் தாண்டலாம். கம்பெனி வந்தது. இரும்பு உருக்குகிற இடத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். வெந்து செத்தேன், அது வேறு. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, முதலாளி எதிரில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றேன், அதில்தான் நீ படித்தாய். கோதண்டம் அந்த நிலத்துக்காகப் பக்கம் பக்கமாக அழுகிறான். நான் அழவில்லை. அழாதவனை எழுதினால் யார் படிப்பார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இருக்கலாம். அந்தக் கல்லைத் தனி ஆள் பிடுங்கித் தூக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கலா படித்தபோது அவன் தூக்கினான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததை நானே பார்த்தேன். சுமந்தவன் நான், எனக்கே அப்படித் தெரிந்தால் மற்றவனை என்ன சொல்வது?

மற்றவன் என்றதும் ஏகாம்பரம்தான் நினைவுக்கு வருகிறான். எனக்கு எதிர்ச் சங்கிலி பிடித்தவன். நான் இந்த முனை, அவன் அந்த முனை. உன் புத்தகம் வந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, கோதண்டம் கல் பிடுங்கினதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"அப்புடி ஒரு ஆளே கெடையாதுடா, பாபு உண்டாக்கனது" என்றேன்.

"உனுக்கு வயசாயிடிச்சிபா, மறந்துட்ட. நெட்டையா, நெத்தில வடுவோட இருப்பான் பாரு."

"டேய், அது நான்டா!"

"உனுக்குக் கீற வடு சின்னது. அவனுக்குப் பெருசு. புக்குலயே போட்டுகிறான், நீ இன்னா பேசற?"

கடை மொத்தமும் சிரித்தது. எத்தனை வருடமாக இந்த ஊரில் யார் எப்போது பிறந்தார்கள், எந்தப் புளியமரம் யார் வீட்டுப் பங்கு என்று என்னைத்தான் வந்து கேட்டார்கள். முதியோர் பென்ஷனுக்கு ஏகாம்பரத்துக்கே வயது சொன்னவன் நான். இப்போது என்னைப் பார்த்து மறந்துவிட்டாய் என்கிறான். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இறந்தவர்களுக்குப் போகியில் படைக்கிறோமே, அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ அன்றைக்கு வரவில்லை. சென்னையில் புத்தகக் கண்காட்சி, கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. அதைக் குத்திக்காட்டவில்லை, சொல்கிறேன். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சாமி மூலையில் வேட்டி புடவை வைத்து இலை போட்டிருக்கிறது. என் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, உன் தாய்மாமனுக்கு ஒன்று. அவர்களுக்குப் பக்கத்தில் இன்னோர் இலை. வீடெல்லாம் ஒரு வாசனை. இறால் தொக்கு.

உனக்குத் தெரியும், எனக்கு இறால் ஆகாது. வாயில் வைத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பட்டதோடு உன் அம்மா இந்த வீட்டில் இறால் சமைப்பதையே விட்டுவிட்டாள். பழவேற்காட்டுப் பக்கத்தில் பிறந்தவள், இறாலென்றால் உயிர், எனக்காக விட்டாள். அது என் மனதில் ஒரு பெரிய சொத்து மாதிரி இருந்தது. உன் கோதண்டத்துக்கோ இறால் தொக்கு என்றால் போதும், சோறு இன்னொரு தட்டு உள்ளே போகும் என்று எழுதி வைத்திருக்கிறாய்.

"ஏமே, யாருக்கு இந்த எல?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"அந்த ஆளுக்குத்தான்" என்றாள், பெயரைச் சொல்லாமல். என் பெயரைச் சொல்ல மாட்டாள் இல்லையா, அது மாதிரி. "எல போடக்கூட நாதி இல்லன்னு புள்ள எழுதிகிறான். மனசு கேக்கலை. ஒரு எலதான, போனாப் போவுது."

"இல்லாத ஆளுக்குப் படையலா?"

"செத்தவங்க எல்லாருமே இப்ப இல்லாத ஆளுதான?"

"என் மூஞ்சி, என் காலு, என் வடு. எனுக்கே எல போட்ட மாரி கீதுமே! நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்."

"சீ, வாயக் கழுவு. நீ வேற, அவன் வேற. உனுக்குத்தான் எறா ஆவாதே" என்று கற்பூரத்தை ஏற்றினாள். படைத்த பிறகு அந்த இலையில் உட்கார்ந்து அவளே சாப்பிட்டாள். நிதானமாக, இறாலின் ஓட்டை உறிஞ்சி உறிஞ்சி. இத்தனை வருடத்தில் நான் பார்க்காத முகம் அது. என்னோடு குடித்தனம் செய்தவள், இன்னொருத்தன் இலையில் உட்கார்ந்து அப்படிச் சாப்பிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். சென்னையிலிருந்து வருகிறோம், கோதண்டம் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் கையில் உன் புத்தகம். கலா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள், அவள் அன்றைக்கு ஷிப்டில் இருந்தாள், அவளுக்கு இது தெரியாது. அப்படி யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. கம்பெனி மதிலோரம் கூரை போன ஒரு பழைய சுவர் இருக்கிறதே, அதைக் காட்டி, "அதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் கதை அது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், யாருமே இல்லாம தனியா..." என்றாள்.

"யாரு சொன்னா?" என்றேன். "அவனுக்குப் பொண்டாட்டி இருந்தா. புத்தகத்துல உட்டுப்போச்சி."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர்கள் விடவில்லை, எப்படிப்பட்டவள் என்றார்கள். வார்த்தை தானாக வந்தது. கறுப்பு, குள்ளம், வாய்க்காரி, கோதண்டம் கல் பிடுங்கி வந்த அன்றைக்கு அவன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள் என்றேன். பிள்ளைகள் என்றார்கள். "ஒரே பையன்" என்றேன். அந்தத் தோளில் கிடந்து பெரியபாளையம் போன குழந்தை யாரோ பெற்றது இல்லை, அவன் மகன்தான் என்றேன். இப்போது எங்கே என்றார்கள். "வெளியூர்ல கீறான். வருவான்" என்றேன். அதற்குமேல் எனக்குக் கதை வரவில்லை. 'அப்புறம்' என்று நீ கேட்டபோதெல்லாம் நான் நின்ற அதே இடம்.

அவர்கள் போன பிறகு திரும்பினால் கதவண்டை உன் அம்மா. எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பொய் சொன்னேன் என்று திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பேசவே இல்லை.

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ள கீதா?" என்றாள்.

"கீது."

"அப்ப எல போட ஆளு கீது. நான் ஏன் போடணும்? அந்தப் புள்ள வந்து போடட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போனவள், திரும்பி வந்தாள். "போகிக்கு வருவானா அவன்?"

பாபுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "வந்தான்னா சரி. வரலன்னா நான்தான் போடுவேன்" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். தப்பு இருந்தால் மாற்றுகிறேன் என்றாயே, வடுவை மாற்ற வேண்டாம், நடையை மாற்ற வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும். கல்லையும் அவனே தூக்கட்டும். ஏகாம்பரம் பார்த்ததாகவே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவனுக்கு ஒரு பெண்டாட்டியை எழுதிக் கொடுத்து என் பெண்டாட்டியை என்னிடம் விட்டுவிடு. அவன் தோளில் அவன் பிள்ளையையே போடு. ஊரார் பிள்ளை என்றால் அழுகிறவர்கள், தன் பிள்ளை என்றாலும் அழுகிற மாதிரி எழுத உனக்குத் தெரியாதா? தெரியும். மாட்டுக்கு மூன்று கன்று கொடுத்தவள் பெற்ற பிள்ளை நீ.

அந்தப் பையன் பெரிய படிப்புப் படித்தவனாக இருக்க வேண்டாம். பெயர் வாங்கினவனாக இருக்க வேண்டாம். போகி அன்று காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிறான் என்று ஒரு பக்கம் எழுது, போதும். எழுத உட்காரும்போது, அவன் எப்படி வருவான், அம்மா என்ன சொல்வாள், அப்பன் துண்டை உதறுவானா, ஒன்றும் பேசாமல் கொல்லைப் பக்கம் போய்விடுவானா என்று உனக்குத் தெரியாமல் போகலாம். அங்கே கற்பனை பண்ணாதே. ஒரு போகிக்கு வந்து பார்த்துவிட்டு எழுது. உன் அம்மாவை இறால் வாங்கச் சொல்கிறேன். எனக்கு ரசம் போதும்.